ரோனா மேர் சொன்ன பொய்

வடகடல் ஓரத்து இன்வர்கெல் துறைமுகத்தில் மேர் குடும்பமும் ஸ்லேட்டர் குடும்பமும் பேசிக்கொள்வதில்லை. இது ஊருக்கே தெரிந்த சங்கதி. ரொட்டிக்கடை வரிசையில் இரண்டு வீட்டுப் பெண்களும் அடுத்தடுத்து நிற்கும்படி ஆகிவிட்டால், பின்னால் இருப்பவர்கள் யாராவது தாமாகவே நடுவில் நுழைந்து நின்றுகொள்வார்கள். அதை யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

காரணம் ஒரு பிப்ரவரி மாதத்துக் கடல். அலெக் மேர் தன் படகில் ஜிம் ஸ்லேட்டரையும் கூட்டிக்கொண்டு போயிருந்தான். வலையை ஏற்றும் நேரத்தில் எழும்பிய அலை ஜிம்மைத் தூக்கி வெளியே போட்டது. அலெக் பாய்ந்து அவன் கையைப் பிடித்தான். சிறிது நேரம் பிடித்திருந்தான். பிறகு ஜிம் இல்லை. விசாரணை நடந்தது, அலெக் மேல் குற்றமில்லை என்று எழுதினார்கள். ஜிம்மின் மனைவி நெட்டா அந்தத் தீர்ப்பைக் கேட்டுவிட்டு வெளியே வந்து எல்லோர் முன்னாலும் சொன்னது ஒரே வாக்கியம்: "பிடிச்சவன் விட்டுட்டான், அவ்வளவுதான்."

அதற்குப் பிறகு உள்ளூர் ஆட்கள் அலெக்கின் படகில் ஏறவில்லை. வெளியூரிலிருந்து ஆள் பிடித்துக்கொண்டுதான் அவன் கடலுக்குப் போனான். வீட்டில் அதைப் பற்றி ஒரு சொல் பேசுவதில்லை.

அவன் மகள்தான் ரோனா. அப்பனுக்கு வாய்க்காத வாயெல்லாம் அவளுக்கு வாய்த்திருந்தது. நெடுநெடுவென்று உயரம், கடித்துக் குதறிய நகங்கள், யார் எதைச் சொன்னாலும் பதில் நாக்கு நுனியில். பள்ளிக்கூடத்தில் அவளுக்குச் சிநேகிதி என்று ஒருத்தியும் இல்லை. வேண்டும் என்று அவளும் நினைக்கவில்லை. அவள் பதினாறு வயதில் இருந்தபோது ஜிம்மின் மகன் காவினும் அதே வகுப்பில்தான் இருந்தான். பழைய ஆசிரியர்கள் எல்லோரும் இருவரையும் வகுப்பின் இரண்டு மூலைகளில் உட்கார வைத்துப் பழகியிருந்தார்கள்.

மிஸ் டல்லக்குக்கு அது தெரியாது. கிறிஸ்துமஸ் விடுமுறை முடிந்து எடின்பரோவிலிருந்து புதிதாக வந்தவர். சிவப்புக் கம்பளி மேலங்கி, நிறைய உற்சாகம். ஒரு கதைக் கவிதையைப் பிரதி எடுத்துக்கொண்டுவந்து ஆளுக்கொன்று கொடுத்துவிட்டு, ஜன்னல் பக்கத்திலிருந்து விரலை நீட்டி நான்கு நான்கு பேராகப் பிரித்தார்.

"ரோனா, காவின், லார்னா, கென்னி. நீங்க நாலு பேரும் ஏழாவது பத்தி. அதோட மனநிலை என்ன, எந்தெந்தச் சொல்லால அந்த மனநிலை வருது, பேசி முடிவு பண்ணுங்க. அடுத்த வாரம் வகுப்புக்கு முன்னால சொல்லணும்."

பின் வரிசையில் யாரோ மெல்ல விசிலடித்தார்கள். மிஸ் டல்லக் அதைக் குளிரில் அடித்த விசில் என்று நினைத்துக்கொண்டு ஜன்னலைச் சாத்தினார்.

நான்கு பேரும் மேசைகளைச் சேர்த்துப் போட்டார்கள். டாக்டரின் மகள் லார்னா பெட்ரி பேனாவைத் திறந்துகொண்டு நடுவில் உட்கார்ந்தாள். மீன் ஏலக்காரரின் மகன் கென்னி வாட் நாற்காலியைத் திருப்பிப்போட்டு உட்கார்ந்தான். ரோனாவும் காவினும் எதிரெதிரே. இருவரும் காகிதத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

கவிதையின் கதை எளிமையானது. இரண்டு சகோதரர்கள் விறகு ஏற்றிய சறுக்குவண்டியை இழுத்துக்கொண்டு உறைந்த ஏரியைக் கடக்கிறார்கள். பாதி வழியில் பனி உடைகிறது. இளையவன் உள்ளே விழுகிறான். ஏழாவது பத்தி இப்படி இருந்தது:

தம்பியின் தலை நீருக்கு மேல் வந்தது.
அண்ணன் அவன் மணிக்கட்டைப் பற்றினான்.
காற்று நின்றது. ஏரி காத்திருந்தது.
கை திறந்தது.

"சோகம்," என்றாள் லார்னா எழுதிக்கொண்டே. "மனநிலை சோகம். முடிஞ்சது. இப்ப சொற்கள்."

"எனக்குப் பசி," என்றான் கென்னி. "அதையும் எழுதிக்க. கென்னியின் மனநிலை பசி."

"வாயை மூடு கென்னி. ரோனா, ஏதாவது சொல்லு. நான் மட்டும் மாடு மாதிரி உழைச்சு உங்க எல்லாருக்கும் மார்க் வாங்கித் தர முடியாது."

ரோனா காகிதத்திலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னாள். "காத்திருந்ததுன்னு போட்டிருக்கு. ஏரிக்கு உயிர் இருக்கிற மாதிரி. அது பயமா இருக்கு. சோகம் இல்ல."

"சரி. பயம்னும் போட்டுக்கலாம்."

"கடைசி வரி," என்றான் காவின். அந்த மேசையில் அவன் பேசிய முதல் வார்த்தை அது. குரல் அடங்கித்தான் இருந்தது. "கை திறந்ததாம். கையைத் திறந்தான்னு ஏன் எழுதல?"

அவன் அந்த வரியை விரலால் தட்டினான்.

"கை என்ன கதவா, காத்தடிச்சா தானாத் திறந்துக்க? கை திறக்காது. ஆள்தான் திறப்பான். எழுதினவனுக்கு அது தெரியும். தெரிஞ்சே மழுப்புறான். கொன்னவனைக் காப்பாத்துறதுக்கு இப்படி ஒரு வாக்கியம்."

"மரத்துப் போச்சுன்னா திறந்துக்கும்," என்றாள் ரோனா. "அஞ்சாவது பத்தியைப் படி. அவன் கையுறை கிழிஞ்சிருக்கு. விரல் உணர்ச்சியே இல்லாம இருக்கு. அவன் சொல்லி அவன் கையே கேட்கல. அதனாலதான் கை திறந்ததுன்னு எழுதியிருக்கு. சரியான சொல்தான் அது."

"நீ அப்படித்தான் சொல்லுவ."

"என்ன அர்த்தம் அதுக்கு?"

"ஏ, ரெண்டு பேரும் விடுங்கப்பா," என்றான் கென்னி. அவன் முகத்தில் இப்போது சிரிப்பு இல்லை.

காவின் முதல்முறையாக நிமிர்ந்து அவளைப் பார்த்தான். "உங்க வீட்ல எல்லாருக்கும் கை அப்படித்தான் போல. வேணும்போது பிடிக்கும், வேணாம்னா தானாத் திறந்துக்கும்."

லார்னாவின் பேனா நின்றது. ரோனாவுக்குக் காது மடல் இரண்டும் கொதித்தன. இந்த மாதிரிப் பேச்சுகளை அவள் தெருவில் கேட்டிருக்கிறாள், முதுகுக்குப் பின்னால் கேட்டிருக்கிறாள். நேருக்கு நேர் இதுதான் முதல் தடவை. திருப்பி அடிக்கக் கையில் கிடைத்ததை எடுத்தாள்.

"உங்க அப்பா குடிச்சிருந்தார். கால் நிக்கல. அதனாலதான் விழுந்தார். எங்கப்பா அதைச் சொல்லாம மறைச்சார், தெரியுமா? போய் உங்கம்மாகிட்ட கேளு."

அவள் அதைச் சத்தமாகத்தான் சொல்லிவிட்டாள். அடுத்த மேசையும் அதற்கடுத்த மேசையும் திரும்பின. காவின் எழுந்தான். அடிக்கத்தான் வருகிறான் என்று ரோனா நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளினாள். அவன் அடிக்கவில்லை. பையை எடுத்துக்கொண்டு வகுப்பை விட்டு வெளியே நடந்தான். மிஸ் டல்லக் "காவின்? காவின்!" என்று கூப்பிட்டது நடைக்கூடம் வரை கேட்டது.

"நீ ஒரு பேய்டி," என்றாள் லார்னா மெதுவாக. கென்னி தன் நாற்காலியை ரோனாவிடமிருந்து ஓரடி தள்ளிப் போட்டுக்கொண்டான்.

ரோனா சொன்னது கற்பனை இல்லை. ஒரு குளிர்காலத்தில், சுவருக்கு அந்தப் பக்கம் அப்பா அம்மாவிடம் சொல்லிக்கொண்டிருந்ததை அவள் கேட்டிருக்கிறாள். "காலைலயே ஜிம்கிட்ட குடிச்ச வாடை வந்துச்சு. திருப்பி அனுப்பியிருக்கணும். மனசு வரல." அவ்வளவுதான் கேட்டது. அதை நான்கு வருஷமாக ஒருவரிடமும் சொல்லாமல் வைத்திருந்தாள். அன்றைக்கு ஒரு கவிதையின் கடைசி வரிக்காகச் சொல்லிவிட்டாள்.

பள்ளிப் பேருந்து துறைமுகத்துக்கு வருவதற்குள் செய்தி வந்து சேர்ந்திருந்தது. மீன் பெட்டி கழுவுகிற பெண்கள் வேலையை நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தார்கள். ஒருத்தி, "செத்தவன் எழுந்து வந்து பதில் சொல்லமாட்டான்னு தைரியம்," என்று அவள் காதில் விழும்படி சொன்னாள். இன்னொருத்தி தண்ணீர்க் குழாயை அவள் காலடி வரை திருப்பினாள். ரோனாவின் காலணி நனைந்தது. அவள் நடையை வேகப்படுத்தவில்லை.

அலெக் மேர் வீட்டில் இருந்தான். சமையலறை மேசையில், கழற்றாத பூட்ஸோடு உட்கார்ந்திருந்தான். அம்மா அடுப்புப் பக்கம் திரும்பி நின்றிருந்தாள்.

"சொன்னியா?" என்றான் அலெக்.

"அவன் உங்களைப் பத்தி..."

"அவன் என்ன சொன்னான்னு நான் கேட்கல. நீ சொன்னியா?"

"சொன்னேன்."

அவன் கையை ஓங்கவில்லை. குரலையும் உயர்த்தவில்லை. "என்னை என்ன வேணா சொல்லட்டும்னு விட்டிருக்கேன். ஏன்னு நெனச்ச? வாயில்லாமலா? அந்தப் பொம்பளைக்கு அவ புருஷன் நல்லவனா செத்தான்கிறது ஒண்ணுதான் மிச்சம். அதை எடுத்து வகுப்புல எறிஞ்சுட்டு வந்திருக்க."

"அது உண்மைதானே!"

"கோட்டை எடுத்து மாட்டு."

"எங்க?"

"நெட்டா வீட்டுக்கு. பொய் சொன்னேன்னு சொல்லப் போற."

அம்மா திரும்பி, "அலெக், அவ குழந்தை..." என்று ஆரம்பித்தாள். அவன் அவளைப் பார்த்தான். அவள் மறுபடி அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

ஸ்லேட்டர் வீடு மேட்டுத் தெருவில். போகிற வழியெல்லாம் ஜன்னல் திரைகள் அசைந்தன. ரோனா ஒரே ஒரு தடவை, "தப்பா சொல்லிட்டேன்னு சொல்றேன். பொய்னு சொல்ல மாட்டேன்," என்றாள்.

"தப்பா சொன்னேன்னா அதுல பாதி நிஜம் இருக்குன்னு அர்த்தம். பொய்ங்கிற சொல்தான் வேணும். அதைத்தான் சொல்லணும்."

நெட்டா கதவைத் திறந்தாள். கையில் உருளைக்கிழங்கு சீவும் கத்தி. அவள் பின்னால், மாடிப்படியின் அடியில், காவின் நின்றிருந்தான். அலெக் தொப்பியைக் கழற்றினான்.

"நெட்டா."

"என் வாசல்ல வந்து என் பேரைச் சொல்லாத."

"என் மக பள்ளிக்கூடத்துல ஜிம்மைப் பத்தி ஒண்ணு சொன்னா. அது பொய். அதை உன்கிட்ட அவளே சொல்லணும்னு கூட்டிட்டு வந்திருக்கேன்."

நெட்டா ரோனாவைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் இருந்த வெறுப்பு புதிதல்ல. ஆனாலும் இவ்வளவு கிட்டத்தில் ரோனா அதைப் பார்த்ததில்லை.

"பொய் சொன்னேன்," என்றாள்.

"சத்தமா," என்றாள் நெட்டா.

"நான் பொய் சொன்னேன். மிஸ்டர் ஸ்லேட்டர் குடிச்சிருக்கல. நானே இட்டுக்கட்டிச் சொன்னேன்."

"ஏன்?"

இதற்கு அப்பா பதில் சொல்லிக்கொடுத்திருக்கவில்லை. ரோனா மாடிப்படியின் அடியில் நின்றவனைப் பார்த்தாள். அவன் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். அந்த முகத்தில் கோபம் இல்லை. வேறு ஏதோ இருந்தது. அவளுக்கு அப்போது அது பிடிபடவில்லை.

"காவினைப் பிடிக்காது. அதனால."

"ரத்தம் அப்படி," என்றாள் நெட்டா. "அப்பன் ஆளை விட்டான். மக பேரையும் விட்டுவைக்கல. போங்க ரெண்டு பேரும். இந்தப் படியைக் கழுவணும் எனக்கு."

கதவு அறைந்து சாத்தப்பட்டது. திரும்பி வரும்போது ரோனா அழுதாள். அழுததை மறைக்கவும் இல்லை. "இப்ப திருப்தியா உங்களுக்கு? நாளைக்கு ஊரெல்லாம் என்னைப் பொய்க்காரின்னு சொல்லும்."

"சொல்லும்," என்றான் அலெக்.

மறு வாரம் வகுப்பில் குழுக்கள் முன்னால் வந்து பேச வேண்டும். மிஸ் டல்லக்குக்கு அதற்குள் யாரோ எல்லாவற்றையும் சொல்லியிருந்தார்கள். அவர் ரோனாவைத் தனியாகக் கூப்பிட்டு, "நீ வேற குழுவுக்குப் போயிடலாம். எனக்குத் தெரியாமப் போச்சு," என்றார்.

"வேணாம் மிஸ்."

அந்த வாரம் முழுக்க அவளோடு யாரும் பேசவில்லை. அதனால் கவிதையைப் படிக்க நிறைய நேரம் இருந்தது. பேருந்தில் படித்தாள். சாப்பாட்டு இடைவேளையில், காலியான மேசையில், தட்டைத் தள்ளிவைத்துவிட்டுப் படித்தாள். முதல் தடவை அவள் அதை வக்கீல் மாதிரிப் படித்திருந்தாள், அண்ணனுக்குச் சாதகமான சொல் எங்கே இருக்கிறது என்று தேடி. இப்போது எதையும் தேடாமல் படித்தாள்.

அவர்கள் முறை வந்தபோது லார்னா முன்னால் போய் நின்று ஒப்பித்தாள். "ஏழாவது பத்தியின் மனநிலை சோகம் மற்றும் பயம். 'காத்திருந்தது' என்ற சொல்..."

"சோகம் இல்ல மிஸ்," என்றாள் ரோனா.

"நீ பேச வேண்டிய இடம் வரல," என்று லார்னா பல்லைக் கடித்தாள். பின்னாலிருந்து ஒரு பையன், "பொய்க்காரி சொல்றதை யாரும் எழுதிக்காதீங்க," என்றான். சிலர் சிரித்தார்கள். மிஸ் டல்லக் மேசையைத் தட்டினார்.

ரோனா சிரிப்பு அடங்கக் காத்திருக்கவில்லை. "பகை மிஸ். கவிதை முழுக்கப் பகை. முதல் பத்தியிலேருந்து பாருங்க. காத்து கடிக்குது, வண்டி உரசுது, கயிறு அறுக்குது. ரெண்டு பேரும் பேசிக்கவே இல்ல. அண்ணன் தம்பிங்கிற சொல்லே வராது. முன்னால போனவன், பின்னால வந்தவன், அவ்வளவுதான். ரெண்டு பேருக்கும் ஆகாது. ஆறு பத்தி முழுக்க ஆகாது. பனி உடைஞ்ச பிறகுதான், ஏழாவது பத்தியிலதான், தம்பின்னு வருது. தண்ணிக்குள்ள போன பிறகு."

வகுப்பில் காகிதம் புரளும் சத்தம் கேட்டது. தேடிப் பார்க்கிறார்கள்.

"அப்படின்னா கடைசி வரி?" என்றார் மிஸ் டல்லக்.

ரோனா காவினைப் பார்க்காமல் சொன்னாள். "போன வாரம் நான் மரத்துப்போன கைன்னு சொன்னேன். காவின் மழுப்பல்னு சொன்னான். இப்ப எனக்குத் தெரியல. அவ்வளவு வெறுப்பு இருந்தா ஒருத்தன் கையைத் திறக்கலாம். திறக்காமலும் இருக்கலாம். எழுதினவர் அவன் மனசுக்குள்ள போய்ப் பார்க்கல. அதனால கை திறந்ததுன்னு மட்டும் எழுதிட்டு நிறுத்திட்டார்."

"பிடிச்சான்," என்றான் காவின்.

எல்லோரும் திரும்பினார்கள். அவன் எழுந்திருக்கவில்லை, காகிதத்தை முறைத்துக்கொண்டே பேசினான். "பற்றினான்னு இருக்கு. கை பற்றியதுன்னு இல்ல. பிடிக்கும்போது ஆள் பிடிக்கிறான். விடும்போதுதான் கை விடுது. ஒரே பத்தியில எழுவாய் மாறுது. அதை யாரும் சொல்லல. எழுதிக்கங்க."

லார்னா எழுதிக்கொண்டாள். மிஸ் டல்லக் அடுத்த குழுவைக் கூப்பிட்டார்.

மணி அடித்ததும் ரோனா படியிறங்கினாள். பாதிப் படியில் காவின் வழியை மறித்து நின்றான். மற்றவர்கள் ஒதுங்கி இறங்கிப் போகும்வரை பேசவில்லை.

"குடிச்சிருந்தார்," என்றான். "கிளம்பும்போது எனக்கு முத்தம் கொடுத்தார். வாடை அடிச்சுது. எனக்குத் தெரியும். எங்கம்மாவுக்குத் தெரியாது."

அவன் ஒரு படி நெருங்கி வந்தான்.

"இன்னொரு தடவை அதை யார்கிட்டயாவது சொன்னா உன் பல்லைத் தட்டிடுவேன்."

"சொல்ல மாட்டேன்."

"உங்கப்பா எங்க வீட்டு வாசல்ல தொப்பியைக் கழட்டினதுக்காக உங்களை எனக்குப் பிடிச்சுப்போச்சுன்னு நெனச்சுக்காத."

"எனக்கும் உன்னைப் பிடிக்காது. தள்ளு."

அவன் தள்ளி நின்றான். அவள் இறங்கிப் போனாள். வாழ்நாளில் அவர்கள் தனியாகப் பேசிக்கொண்டது அந்த ஒரு தடவைதான். பள்ளிக்கூடம் முடிந்ததும் காவின் வடகடல் எண்ணெய்க் கிணற்று வேலைக்குப் போய்விட்டான். அபெர்டீனில் வீடு வாங்கினான் என்று கேள்வி. ஊருக்கு வந்தால் வருஷத்துக்கொரு முறை, அதுவும் இருட்டிய பிறகு வந்து விடியுமுன் போய்விடுவான்.

ரோனா ஊரிலேயே இருந்துவிட்டாள். கொஞ்ச நாள் மீன் கிடங்கில் வேலை, அப்புறம் மருந்துக்கடையில். டன்கன் என்ற வெளியூர்க்காரனைக் கட்டிக்கொண்டாள். இரண்டு பெண்கள் பிறந்தார்கள். பொய்க்காரி என்ற பேர் கல்யாணத்தோடு போகவில்லை. அவள் எதையாவது உறுதியாகச் சொன்னால், "ஆமாமா, மேர் பொண்ணு சொன்னா சரியாத்தான் இருக்கும்," என்று வயதான பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வார்கள். ஒரு முறை டன்கன் வெறுத்துப்போய், "என்ன பொய்யைத்தான் சொன்ன நீ? இந்த ஊர் இன்னும் மறக்கலையே!" என்று கேட்டான். "பள்ளிக்கூடத்துல ஒரு சண்டை," என்றாள். கட்டினவனிடமும் அதற்கு மேல் சொல்லவில்லை. அப்பா இறக்கும்வரை அவர் வாயிலிருந்தும் அந்தச் சங்கதி வெளியே வரவில்லை. சில நாட்களில் அவளுக்கு ஊரின் மேல் அப்படி ஒரு ஆத்திரம் வரும்; தெரு நடுவில் நின்று கத்தலாம் போல இருக்கும். அப்போதெல்லாம் அலமாரி மருந்துகளை இறக்கித் துடைத்துத் திரும்ப அடுக்குவாள். கடை முதலாளி அவளைப் போலச் சுத்தமான வேலைக்காரி கிடையாது என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

நெட்டா ஸ்லேட்டர் எண்பதைத் தொட்ட பிறகும் மருந்துக்குத் தானே நடந்து வந்தாள். வந்தால் ரோனாவிடம் சீட்டைக் கொடுக்க மாட்டாள். கூட வேலை செய்யும் பெண்ணிடம்தான் நீட்டுவாள். ஒரு மழை நாளில் அந்தப் பெண் சாப்பிடப் போயிருந்தாள். கடையில் வேறு யாரும் இல்லை. நெட்டாவின் கோட்டிலிருந்து தரையில் தண்ணீர் சொட்டியது.

"அவ எங்க?"

"சாப்பிடப் போயிருக்கா. வர அரை மணி ஆகும். குடுங்க, நான் எடுத்துத் தர்றேன்."

"நிக்கிறேன்."

ரோனா மேசைக்கு வெளியே வந்து ஒரு நாற்காலியை எடுத்து அவள் பக்கத்தில் போட்டாள். நெட்டா அதைப் பார்த்தாள். பிறகு ஓரடி நகர்ந்து, சளி மருந்து அலமாரியில் கையை ஊன்றி நின்றாள். உடம்பின் பாரம் முழுக்க அந்தக் கையில் இருந்தது.

ரோனா உள்ளே போய்க் கூட வேலை செய்பவளுக்குத் தொலைபேசி அடித்தாள். "சாப்பாட்டை விட்டுட்டு வா," என்றாள். "மிஸஸ் ஸ்லேட்டர் வந்திருக்காங்க. நிக்க முடியல அவங்களால."